சிறுகதைக்குள் ஒரு புதிர்ப்பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிர்ப்பாதை வரும் சிறுகதைகளை நண்பர்களோடு உட்கார்ந்து வாசிக்கும்போதெல்லாம் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் எழுகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். கதைகளின் முடிவுகளை மறைக்காமல் பேசியிருக்கிறேன். முடிவு முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்பவர்கள் கதைகளைப் படித்துவிட்டு வரலாம்.

புதிர்ப்பாதை என்றால் சுற்றிச் சுற்றி வரும் வழி, அவ்வளவுதானே? இதில் மனசு எங்கே வந்தது?

பழைய கிரேக்கக் கதையிலேயே வந்துவிட்டது. கிரீட் தீவின் அரசன் மினோஸ். அவன் மனைவிக்குக் காளைத் தலையோடு ஒரு பிள்ளை பிறக்கிறது. அதை ஒளித்து வைக்க டெடாலஸ் என்ற சிற்பி ஒரு கட்டடம் எழுப்புகிறான். ஏதென்ஸிலிருந்து வரும் இளைஞர்களும் பெண்களும் மினோட்டார் என்ற அந்தக் காளைத்தலைப் பிள்ளைக்கு இரையாகிறார்கள். கடைசியில் ஏதென்ஸ் இளவரசன் தீசியஸ் உள்ளே போய் அதைக் கொன்றுவிட்டு, அரசன் மகள் அரியாட்னி கொடுத்த நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறான்.

அந்தக் கட்டடம் எதற்காக எழும்பியது என்று பாருங்கள். அரச குடும்பம் ஊருக்குச் சொல்ல முடியாத ஒன்றை அதற்குள் மறைக்கிறது. மறைத்தாலும் அதற்குத் தீனி போட்டாக வேண்டியிருக்கிறது. மனசில் புதைத்த விஷயமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதனால் எந்தப் புதிர்ப்பாதைக் கதையை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது இரண்டே விஷயம்: இதைக் கட்டியது யார், உள்ளே இருப்பவரால் வெளியே போக முடியுமா. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும்.

சில படங்களில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, கிளையே இல்லை. அதில் எப்படித் தொலைந்து போக முடியும்?

தொலைய முடியாது. இரண்டு வகை உண்டு. ஒன்று ஒற்றைப் பாதை: எவ்வளவு வளைந்தாலும் நடந்துகொண்டே இருந்தால் நடுவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்துத் தரையில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தது இந்த வகை. குறுக்களவு சுமார் 13 மீட்டர்தான், ஆனால் பாதையின் நீளம் ஏறக்குறைய 260 மீட்டர். இன்னொன்று கிளை பிரியும் பாதை: முட்டுச் சந்து உண்டு, தவறான திருப்பம் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், கதையில் தீசியஸுக்கு நூல் தேவைப்படுகிறது, அதாவது கிளைகள் இருந்திருக்க வேண்டும். ஆனால் கிரீட்டின் பழைய நாணயங்களில் பெரும்பாலும் இருப்பது ஒற்றைப் பாதை. சிறுகதைக்காரர்களுக்கு இரண்டுமே வேண்டியிருக்கிறது. கிளைப் பாதை வந்தால் பெரும்பாலும் அது தேர்வைப் பற்றிய பயம். ஒற்றைப் பாதை வந்தால் தப்பிக்க வழியில்லை என்ற பயம். இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கொடுமையாகப் படுகிறது.

நடுவில் இருக்கும் மிருகம் நம் ஆழ்மனசுதானே? ஃப்ராய்டு அப்படித்தான் சொன்னாரா?

ஃப்ராய்டு சொன்னது வேறு. 1933இல் வெளிவந்த உளப்பகுப்பாய்வு உரைகளில் இந்தப் புராணத்தைப் பிறப்பைப் பற்றிய கற்பனையாகப் படித்தார்: வளைந்து செல்லும் பாதைகள் குடல், அரியாட்னியின் நூல் தொப்புள்கொடி. மிருகத்தை நாம் ஏற்க மறுக்கும் நம்முடைய இருண்ட பாதியாகப் பார்ப்பது இன்னொரு உளவியலாளரான யுங் வழியில் வந்தவர்கள் பரப்பிய வாசிப்பு.

என் அபிப்பிராயத்தில் இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஆனால் கதையின் மேல் மூடி போல வைத்து அழுத்தக் கூடாது. நல்ல கதை ஒவ்வொன்றும் நடுவில் வேறொன்றை வைக்கிறது. சிலவற்றில் நடுவில் ஒன்றுமே இருப்பதில்லை.

போர்ஹெஸ் ஏன் இதையே திரும்பத் திரும்ப எழுதினார்?

அர்ஜென்டினாவின் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸுக்கு (1899–1986) இது இலக்கிய அலங்காரமாக வந்து சேர்ந்தது இல்லை. தன்னை விடாமல் துரத்திய கெட்ட கனவுகள் இரண்டு என்று அவரே ஓர் உரையில் சொல்லியிருக்கிறார்: ஒன்று புதிர்ப்பாதை, மற்றது கண்ணாடி. சின்ன வயதில் ஒரு புத்தகத்தில் புதிர்ப்பாதையின் செதுக்கோவியத்தைப் பார்த்து, உருப்பெருக்கியை வைத்து உற்றுப் பார்த்தால் உள்ளே மினோட்டார் தெரியும் என்று நம்பியதாகவும் சொல்லியிருக்கிறார்.

வாழ்க்கையும் சேர்ந்துகொண்டது. புவெனஸ் அயர்ஸில் ஒரு நகராட்சி நூலகத்தில் சின்ன வேலை பார்த்த வருடங்கள் அவருக்கு மனம் கசந்த காலம். 'பாபேல் நூலகம்' கதையில் உலகமே முடிவில்லாத அறுகோண அறைகள் கொண்ட நூலகமாக இருக்கிறதே, அது அந்த நகராட்சி நூலகத்தைத்தான் ஒரு கொடுங்கனவாகப் பெரிதாக்கிய வடிவம் என்று பிற்பாடு எழுதினார். அந்தக் கதையில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் 410 பக்கம் என்று கணக்குச் சொல்வார். ஓர் எழுத்தர் தன் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்து அலமாரிகளை எண்ணும் அலுப்பு அந்தக் கணக்குகளில் எனக்குக் கேட்கிறது.

அஸ்டேரியன் கதையில் கதவெல்லாம் திறந்தே கிடக்கிறதே, அவன் ஏன் ஓடிப் போகவில்லை?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி, கேட்க வேண்டிய கேள்வியும் கூட. 'அஸ்டேரியனின் வீடு' 1947இல் வந்த, சில பக்கமே கொண்ட போர்ஹெஸ் கதை. அஸ்டேரியன் என்பது மினோட்டாரின் பெயர். கதையைச் சொல்பவனே அவன்தான். பூட்டே கிடையாது, கதவுகள் இரவும் பகலும் திறந்திருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று பெருமையாகச் சொல்கிறான். தான் கைதி என்று ஊர் பேசுவதை மறுக்கிறான்.

பிறகு போகிற போக்கில் ஒன்று சொல்கிறான். ஒருநாள் சாயங்காலம் தெருவுக்குப் போனானாம். இருட்டுவதற்கு முன்பே திரும்பிவிட்டான். காரணம் ஜனங்களின் முகங்கள். விரித்த உள்ளங்கை மாதிரி வெளிறித் தட்டையாக இருந்த முகங்களைப் பார்த்துப் பயந்துவிட்டான். அவனைப் பார்த்து ஒரு குழந்தை அழுகிறது, ஜனங்கள் பிரார்த்தனை செய்கிறார்கள். இதை அவன் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறான். தாய் அரசி அல்லவா, நான் சாமானியரோடு கலக்க முடியாது என்கிறான். அவமானப்பட்ட மனசு தன்னைத் தேற்றிக்கொள்ளும் விதத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்த வேண்டிய அவசியமே அவனுக்கு இல்லை.

யார் கட்டியது என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. நட்சத்திரங்களையும் சூரியனையும் இந்தப் பெரிய வீட்டையும் ஒருவேளை நானே படைத்திருப்பேன், எனக்குத்தான் இப்போது ஞாபகம் இல்லை என்கிறான். தன் சிறையைத் தானே கட்டியதாக நினைத்துப் பெருமைப்படும் ஒரே கைதி.

சுவரே இல்லாத இடத்தை எப்படிப் புதிர்ப்பாதை என்பது? பாலைவனக் கதை எனக்கு ஒட்டவே இல்லை.

போர்ஹெஸின் 'இரண்டு அரசர்களும் இரண்டு புதிர்ப்பாதைகளும்' கதையைச் சொல்கிறீர்கள். பாபிலோன் அரசன் தன் விருந்தாளியான அரபு அரசனை ஒரு புதிர்ப்பாதைக்குள் அனுப்பி அவமானப்படுத்துகிறான். அவன் கடவுளை வேண்டிக்கொண்டு வாசலைக் கண்டுபிடித்து வெளியே வருகிறான், ஒரு வார்த்தை குறை சொல்வதில்லை. அப்புறம் படையெடுத்து வந்து பாபிலோன் அரசனைச் சிறைபிடித்து, ஒட்டகத்தில் மூன்று நாள் கூட்டிப்போய் நடுப் பாலைவனத்தில் கட்டவிழ்த்து விடுகிறான். ஏறப் படி இல்லை, தள்ளக் கதவு இல்லை, மறிக்கச் சுவர் இல்லை. அவன் பசியாலும் தாகத்தாலும் சாகிறான்.

சுவர் இருந்தால் அதில் முட்டிக்கொள்ளலாம், கையால் தடவிக்கொண்டே நடக்கலாம். எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான் என்றால் மனசுக்குப் பிடிமானமே இல்லை. கடும் மனச்சோர்வில் இருந்தவர்கள் தங்கள் நிலையைச் சொல்லும்போது, அடைபட்ட உணர்வை விட இந்தத் திசையற்ற வெட்டவெளியைத்தான் அதிகம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த அனுபவம் உள்ள ஒரு தோழிக்கு நாங்கள் வாசித்த கதைகளிலேயே இதுதான் பிடித்தது.

காஃப்காவின் 'வளை' கதையில் அந்தப் பிராணி பாதுகாப்புக்காகத்தானே கட்டுகிறது? அதைப் போய் மனநோய் என்று ஏன் சொல்ல வேண்டும்?

மனநோய் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்துக்கு ஒரு தர்க்கம் உண்டு, அந்தத் தர்க்கத்தை ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா கடைசி அடி வரை பின்தொடர்கிறார். 1923–24 குளிர்காலத்தில் பெர்லினில் எழுதியது. 1924 ஜூனில் காசநோயால் இறந்தார். கதை 1931இல்தான் அச்சில் வந்தது.

மண்ணுக்கடியில் வளை தோண்டி வாழும் ஒரு பிராணி பேசுகிறது. நடுவில் ஒரு பெரிய கூடம், அங்கே இறைச்சிச் சேமிப்பு. அந்தக் கூடத்தின் சுவர் இளகிய மண்ணாக இருந்ததால் தன் நெற்றியாலேயே ஆயிரக்கணக்கான தடவை முட்டி முட்டி இறுக்கியிருக்கிறது. நெற்றியில் ரத்தம் வந்தபோது சந்தோஷப்பட்டதாம், சுவர் கெட்டிப்படத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று. இங்கே கட்டடமும் கட்டுபவனின் தலையும் ஒன்றாகிவிடுகின்றன. குறியீடு என்று தனியாக விளக்கவே தேவையில்லை.

வாசலுக்குப் பக்கத்தில் எதிரியைக் குழப்ப ஒரு புதிர்ப்பாதையும் தோண்டி வைத்திருக்கிறது. ஆரம்பகால வேலை. திரும்பி வரும்போது சில சமயம் தானே அதில் ஒரு கணம் வழி தவறுகிறது. இன்னொரு இடம் இதைவிட முக்கியம்: வெளியே வந்து, மறைந்திருந்து, தன் வாசலையே காவல் காக்கிறது. உள்ளே தான் நிம்மதியாகத் தூங்குவதாக வெளியிலிருந்து கற்பனை செய்துகொள்ளும்போதுதான் அதற்கு நிம்மதி. பிறகு எங்கிருந்தோ மெல்லிய சீறல் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது. முதலில் சின்னப் பூச்சிகள் என்கிறது, கொஞ்ச நேரத்தில் பெரிய விலங்கொன்று தன்னை நோக்கித் தோண்டிக்கொண்டு வருகிறது என்கிறது. சத்தத்துக்குக் காரணம் கடைசி வரை தெரிவதில்லை.

பெண்கள் எழுதியதில் இது உண்டா? எல்லாம் அரசன், வீரன், வாள் என்றே இருக்கிறதே.

உண்டு, ஆனால் கல் கட்டடமாக வரவில்லை. ஷார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'மஞ்சள் சுவர்த்தாள்' 1892இல் அமெரிக்காவில் வந்தது. பிள்ளை பெற்ற ஓர் இளம் தாயின் மனச்சோர்வுக்கு, டாக்டரான கணவன் ஓய்வை மருந்தாக விதிக்கிறான். எழுதக் கூடாது, வேலை செய்யக் கூடாது. மாடியில் ஜன்னல் கம்பி போட்ட ஓர் அறை. கட்டில் தரையோடு ஆணியடித்துக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் மருத்துவர் வியர் மிட்செல் பரப்பிய ஓய்வுச் சிகிச்சைக்குக் கில்மனே ஆளானவர்.

பார்ப்பதற்கு அறையில் வேறொன்றும் இல்லாததால் அவள் சுவர்த்தாளின் வடிவத்தைக் கண்ணால் பின்தொடர்கிறாள். ஒரு கோட்டைப் பிடித்தால் அது எங்கோ போய் அறுந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். நாளாக ஆக அந்த வடிவத்துக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்து ஊர்வது தெரிகிறது. கடைசியில் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவளே அறையைச் சுற்றித் தவழ்கிறாள். சுவரோரம் நெடுக ஒரு தேய்ந்த தடம் இருக்கிறது, அவள் தோள் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால் எனக்கு வழி தவறாது என்கிறாள். அரியாட்னி கையில் நூல் இருந்த இடத்தில் இவளுக்கு இந்தத் தடம். அது அவளை வெளியே கொண்டுபோவதில்லை, அறையைச் சுற்றியே கொண்டுவருகிறது. இதைக் கட்டியது அவளல்ல. கணவனும் மருத்துவமும் அன்பின் பெயரால் கட்டிக் கொடுத்தது.

நம்ம சக்கரவியூகமும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு. ஹளேபீடு ஹொய்சளேஸ்வரர் கோயிலில் அபிமன்யு வியூகத்துக்குள் புகும் சிற்பத்தில் வியூகத்தைப் புதிர்ப்பாதையாகவே செதுக்கியிருக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கற்களை அடுக்கி உண்டாக்கிய பழைய ஏழு சுற்றுக் கோட்டைகளும் இதே குடும்பத்து வடிவம்தான்.

கதையாகப் பார்த்தால் பயம் வேறு. தீசியஸின் புதிர்ப்பாதை அசையாது. வியூகம் உயிருள்ள மனிதர்களால் ஆனது, நுழைந்த இடம் பின்னால் மூடிக்கொள்கிறது. அபிமன்யுவுக்கு நுழையத் தெரியும், வெளியேறத் தெரியாது, அது தெரிந்தே போகிறான். பெரியவர்கள் பாதி சொல்லிக் கொடுத்துவிட்டு முழுப் பாரத்தையும் பிள்ளை மேல் ஏற்றும் குடும்பக் கதை எழுத நினைப்பவருக்கு மினோட்டாரை விட அபிமன்யு நெருக்கமானவன்.

'கிளைக்கும் பாதைகளின் தோட்டம்' காலத்தைப் பற்றிய கதை என்கிறார்கள். அதில் உளவியல் என்ன இருக்கிறது?

போர்ஹெஸின் இந்தக் கதை காலத்தைப் பற்றியதுதான். 1916இல் இங்கிலாந்தில் ஜெர்மனிக்கு உளவு பார்க்கும் யூ ட்சுன், தன் முன்னோர் ஒருவர் எழுதிய நாவலும் அவர் கட்டியதாகச் சொல்லப்பட்ட புதிர்ப்பாதையும் ஒன்றே என்று ஸ்டீபன் ஆல்பர்ட் என்ற அறிஞரிடம் தெரிந்துகொள்கிறான். அந்த நாவலில் நடக்கக்கூடிய எல்லாமே நடக்கிறது. ஒரு கிளையில் இருவர் எதிரிகள், இன்னொன்றில் நண்பர்கள்.

ஆனால் யூ ட்சுன் வந்தது ஆல்பர்ட்டைக் கொல்ல. குண்டு போட வேண்டிய ஊரின் பெயரும் ஆல்பர்ட். கொலைச் செய்தி பத்திரிகையில் வந்தால் பெர்லினுக்குத் தகவல் போய்விடும். கொடிய காரியம் செய்யப் போகிறவன், அதைச் செய்து முடித்துவிட்டதாகவே கற்பனை செய்துகொள்ள வேண்டும், கடந்த காலத்தைப் போல மாற்ற முடியாத ஒரு எதிர்காலத்தைத் தன் மேல் சுமத்திக்கொள்ள வேண்டும் என்று வழியிலேயே தனக்குச் சொல்லிக்கொள்கிறான். எண்ணற்ற கிளைகள் இருக்கின்றன என்று தெரிய வந்த அதே மாலையில், தன் குடும்பத்து மானத்தை மீட்டுக் கொடுத்த மனிதரைச் சுடுகிறான். வேறு வழியில்லை என்று நாம் நம்மைப் பழக்குவது எப்படி என்பதுதான் இங்கே உளவியல். ஒற்றைப் பாதை, கிளைப் பாதை என்று மேலே சொன்னதை இதோடு வைத்துப் பாருங்கள்: கிளைப் பாதைக்குள் இருந்துகொண்டே ஒருவன் தனக்கு மட்டும் ஒற்றைப் பாதை போட்டுக்கொள்கிறான்.

கட்டியவன் ஒருவன், மாட்டிக்கொண்டவன் வேறொருவன் என்றால் அது மாட்டிக்கொண்டவன் மனசின் குறியீடு எப்படி ஆகும்?

போர்ஹெஸின் 'மரணமும் திசைகாட்டியும்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். லோன்ரோட் என்ற துப்பறிவாளர், ஷார்லாக் என்ற குற்றவாளி. முதல் கொலை தற்செயல். நகை திருட வந்தவன் அறை மாறிப் போனதால் நடந்திருக்கும் என்று காவல் அதிகாரி சரியாகவே ஊகிக்கிறார். லோன்ரோட்டுக்கு அது ருசிக்கவில்லை, ரசமான விளக்கம் வேண்டும். அந்த ஆசையைத் தெரிந்துகொண்ட ஷார்லாக், அதற்கேற்ற தடயங்களை ஒவ்வொன்றாகப் போட்டுக் கடைசி வீட்டுக்கு இழுத்து வருகிறான்.

சுவரை எழுப்பியது ஷார்லாக். வரைபடம் லோன்ரோட்டின் மனசிலிருந்து எடுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத ஆளுக்கு இந்தப் பொறி வேலையே செய்யாது. துப்பாக்கி முனையில் நிற்கும்போதும் லோன்ரோட், உன் பாதையில் கோடுகள் அதிகம், ஒரே ஒரு நேர்கோடாலான புதிர்ப்பாதை எனக்குத் தெரியும் என்று திருத்தம் சொல்கிறார்.

எல்லாவற்றையும் மனசு மனசு என்றால் அரசியல் எங்கே போனது?

நியாயமான கோபம். இன்னொரு அர்ஜென்டினா எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாஸரின் 'பறிபோன வீடு' 1946இல், போர்ஹெஸ் பொறுப்பில் இருந்த பத்திரிகையில் வந்தது. அண்ணனும் தங்கையும் வசிக்கும் பெரிய பழைய வீடு. உள்ளே ஏதோ சத்தம். ஒரு பகுதியைப் பூட்டிவிட்டு மிச்சத்தில் வாழ்கிறார்கள். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட புத்தகங்களுக்காக அண்ணனுக்கு வருத்தம். தங்கை பின்னிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் மீதியும் போகிறது. சாவியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு இருவரும் தெருவுக்கு வருகிறார்கள்.

அர்ஜென்டினாவில் பெரோன் ஆட்சிக்கு வந்த வருடம் அது. பழைய பணக்கார வர்க்கத்தின் பீதியாகப் பலர் இதைப் படித்தார்கள். கொர்த்தாஸரோ தான் கண்ட ஒரு கெட்ட கனவிலிருந்து எழுதினேன் என்றார். எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. வர்க்க பயமும் கனவில்தான் வரும். 'மஞ்சள் சுவர்த்தாள்' பற்றி மேலே சொன்னதும் அதேதான்: கட்டியது யார் என்று கேட்ட உடனே அரசியல் உள்ளே வந்துவிடுகிறது. உளவியல் வாசிப்பு தப்பாகப் போவது அந்தக் கேள்வியை விடும்போதுதான்.

இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நாவல்தானே பொருத்தம்? ஏன் சிறுகதை?

நாவலில் வாசகர் நிஜமாகவே களைத்துப் போவார், அது ஒரு பலன். ஆனால் சிறுகதையில் முழு அமைப்பையும் ஒரே மூச்சில் மனசில் வைத்திருக்கலாம். கடைசி வரி வந்ததும் முதல் வரி வரை திரும்பி ஓடிப் பார்க்க முடிகிறது. போர்ஹெஸ் நாவலே எழுதவில்லை.

முடிவு தெரிந்துவிட்டால் 'அஸ்டேரியனின் வீடு' கதையில் மறுபடி படிக்க என்ன மிச்சம் இருக்கிறது?

மறுவாசிப்பில்தான் கதை திறக்கிறது. அடிக்குறிப்பில் பதிப்பாசிரியர் குரலில் ஒரு தகவல் இருக்கும்: கதவுகள் எண்ணற்றவை என்று வரும் இடத்தில் மூலத்தில் பதினான்கு என்றுதான் இருக்கிறது, அஸ்டேரியனுக்குப் பதினான்கு என்றாலே முடிவிலி என்று. முதல் வாசிப்பில் விசித்திரமாக மட்டும் தெரியும். இரண்டாவது வாசிப்பில், எழுதப் படிக்கத் தெரியாத, எண்ணவும் தெரியாத ஒரு குழந்தைப் பிராணி அங்கே நிற்கிறது. இன்னொரு அஸ்டேரியன் விருந்துக்கு வந்ததாகப் பாவனை செய்து, அவனுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டி விளையாடும் பகுதியும் அப்போதுதான் வலிக்கிறது.

ஒன்பது வருடத்துக்கு ஒரு தடவை ஒன்பது பேர் உள்ளே வருகிறார்கள், அவர்களைத் தீமையிலிருந்து விடுவிக்கச் சந்தோஷமாக ஓடுகிறேன் என்பான். தன் கையில் ரத்தம் படாமலே ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள், சடலங்கள் கிடப்பதால் ஒரு தாழ்வாரத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய உதவியாக இருக்கிறது என்பான். தான் கொலை செய்வதே அவனுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவன் சாகும்போது, உன்னையும் மீட்க ஒருவன் வருவான் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அன்றிலிருந்து அஸ்டேரியன் காத்திருக்கிறான். வரப்போகிறவன் காளையா, மனிதனா, என்னைப் போல இருப்பானா என்று யோசிக்கிறான். அதற்குப் பிறகு குரல் மாறிவிடும். தீசியஸ் வெளியே நிற்பான், மினோட்டார் ஏறக்குறைய எதிர்த்துப் போராடவே இல்லை என்று அரியாட்னியிடம் ஆச்சரியப்படுவான். ஏன் போராடவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. மறுபடி படிப்பவருக்குத் தெரியும்.